இரண்டு குவியலுக்கு ஒரு தார்ப்பாய்

அத்தியாயம் 14

தார்ப்பாய் இன்னொன்று வாங்குவதா, நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் அடிப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தபோது, ஃபிளெக்ஸ்தான் என்று அடித்துச் சொன்னவள் குந்தவை. அதனால் இன்றைக்கு நடந்ததற்கு வேறு யாரையும் குறை சொல்ல அவளுக்கு வழியில்லாமல் போய்விட்டது. குறை சொல்ல ஆள் கிடைக்காத நாள் மாதிரி கஷ்டமான நாள் குடும்பப் பெண்களுக்கு வேறு கிடையாது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வாய் பழங்கதை. குந்தவைக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கேன்சர் வந்தது. ஊரில் எல்லோரும் ‘அந்த வியாதி’ என்று குரலைத் தாழ்த்துவார்கள். இவள் மட்டும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டால்கூட கேன்சர் என்று முழுசாகச் சொல்லுவாள். ஆனால் முதல் தடவை சொல்ல அவளுக்கும் நாக்குப் புரளவில்லைதான். அப்போது சொன்னது கணவன் தமிழரசனிடம்கூட இல்லை, பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே இருக்கும் பாத்திமாவிடம். பாத்திமா அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “நாளைக்கு முதல் பஸ். நானும் வரேன்” என்றாள். அவ்வளவுதான்.

திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு அந்த முதல் பஸ் எத்தனை நாள் அவர்களைச் சுமந்தது என்று கண்டக்டருக்குத்தான் தெரியும். கதிர்வீச்சு சிகிச்சையை நம் பக்கத்தில் கரண்டு வைக்கிறது என்பார்கள். தினமும் போய்க் கரண்டு வைத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடுவாள் குந்தவை. வீடு கிட்டத்தில் இருந்ததால் அது முடிந்தது. பூம்புகாரிலிருந்து வந்த பூங்காவனத்துக்கு முடியவில்லை. கருவாட்டுக் கூடை சுமந்து பிழைக்கிறவள், தங்க இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் முக்காடு போட்டுப் படுத்திருந்து, பாதியிலேயே வைத்தியத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். அப்புறம் அவளைப் பற்றித் தகவலே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், வெளியூர் நோயாளிகள் இலவசமாகத் தங்க ‘நிழலகம்’ என்று ஒரு வீடு இருக்கிறது. நாலைந்து நல்ல மனிதர்கள் சேர்ந்து நடத்துவது. கீழே ஒரே கூடம், அதிலும் ஆண்கள்தான். மேலே பெண்களுக்கென்று ஒரு தளம் எடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. அந்த ஆசையைக் குந்தவை தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாள். இந்தச் சம்பா அறுவடையில் ஆற்றங்கரை வயல் நெல் முழுக்க நிழலகத்துக்கு என்றாள். செருப்பு வாங்கவே இரண்டு வாரம் யோசிக்கிற தமிழரசன், “சரி” என்று உடனே சொன்னது பெரிய அதிசயம்.

அதற்கப்புறம்தான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். “ஆளுக்கு ஒரு மூட்டை நெல்லு குடுங்க. காசு வேணாம்.” அவளுடைய தம்பி சீர்காழியிலிருந்து வேனில் ஏற்றி அனுப்பினான். குத்தகைக்கு உழுகிறவர்கள் ஆளுக்கு அரை மூட்டை என்று இரண்டு பேராகச் சேர்ந்து கொண்டுவந்தார்கள். நிலமே இல்லாத டைலர் கடைக்காரர், ஒரு மூட்டை நெல்லை விலைக்கு வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார். குந்தவைக்கு அன்றைக்கு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது. நோய் வந்த நாளில் வராத அழுகை, மனுஷர்கள் கொடுக்கும்போது வந்தது.

குவியல் அவள் நினைத்ததைவிட இரண்டு பங்கு ஆகிவிட்டது. பாத்திமாவின் கணவர் அப்துல் ரஹ்மான் தம்முடைய பந்தல் வாடகைக் கடையிலிருந்து கொடுத்த தார்ப்பாய் பாதிக் குவியலைத்தான் மூடியது. இன்னொன்று வாங்கலாம் என்று மகள் கவிப்ரியா சொன்னாள்.

“மாசி மாசத்துல ஏதுடி மழை? முதல்ல குடுத்தவங்களுக்கு நன்றி சொல்லணும். ஃபிளெக்ஸ் அடி” என்றாள் குந்தவை.

அடித்தார்கள். கொள்முதல் நிலையத்துக் களத்தின் வாசலில், லாரி அகலத்துக்கு. மேலே பெரிசாக நன்றி என்ற எழுத்து. கீழே கொடுத்தவர்களின் பெயர்கள், கைக்குக் கிடைத்த அவர்களுடைய போட்டோக்கள். அப்துல் ரஹ்மானின் போட்டோ துபாய் விசாவுக்கு எடுத்தது. இரண்டு காதும் தெரிய, பிடிபட்ட ஆள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோர் பெயரும் அதில் இருந்தது.

ஒரே ஒரு பெயர் இல்லை. தமிழரசனின் கூடப் பிறந்த அண்ணன் சாரங்கபாணி.

பாகம் பிரித்த வருஷத்திலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. போர்செட் தண்ணீரை எந்த நாள் யார் பாய்ச்சுவது என்பதில் ஆரம்பித்த பங்காளிக் காய்ச்சல், மருந்து ஏற்றிக் குந்தவைக்கு மொட்டை விழுந்த நாளிலும் இறங்கவில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வலி அவளுக்கு ஆறவே இல்லை. அதனால் வெற்றிலைத் தட்டோடு அந்த ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டாள்.

இன்றைக்குக் காலையில் களத்துக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டது சாரங்கபாணியின் குவியல்தான். டோக்கன் வரிசை அப்படி வாய்த்திருந்தது. இவர்களுக்கும் அவருக்கும் நாளைக்குத்தான் முறை. இரண்டு குவியலுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்.

“ஆண்டவன் உனக்குப் பக்கத்துல இடம் போடுறான்னா சும்மா போடமாட்டான்” என்றாள் பாத்திமா, நெல்லைக் காலால் கிளறிக்கொண்டே.

“ஆண்டவன் போடல. டோக்கன் குடுக்கிற பையன் போட்டான். நீ பேசாம கிளறு.”

சாரங்கபாணியின் மனைவி சாவித்திரி அந்தப் பக்கம் நெல் கிளறிக்கொண்டிருந்தாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் பலகையைப் பிடித்து மெதுவாகத் தள்ளினாள். நிமிர்ந்தபோது குந்தவையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. குந்தவை திரும்பிக்கொண்டாள்.

ஒரு கையால் வேலை செய்கிற அளவுக்கு ராணி ஆகிவிட்டாளா என்று அவளுக்கு மனசுக்குள் எரிச்சல். எரிச்சல் பட்டவர்களுக்குக் கண் சரியாகத் தெரியாது என்பது குந்தவைக்கு அப்போது தோன்றவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் சாரங்கபாணி திடீரென்று எழுந்து தம் நெல்லைக் கூட்ட ஆரம்பித்தார். வானம் சுத்தமாகத்தான் இருந்தது. ஆள் வைத்துக் குவித்து, தம் புதுத் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நாலு பக்கமும் கல் வைத்தார். பிறகு ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

“பெரியப்பா எதுக்கும்மா இப்பவே மூடுறாங்க?” என்றாள் கவிப்ரியா. பெரியவர்கள் பேசிக்கொள்ளாவிட்டாலும் அவள் பெரியப்பாவை விட்டுக்கொடுத்ததில்லை.

“அவங்களுக்குப் பொழுது போகல.”

“கீழக்காத்து திரும்பியிருக்குன்னு சொன்னாங்க.”

“யார்கிட்ட சொன்னாங்க?”

“பொதுவா சொன்னாங்க. நம்ம பக்கம் பாத்து.”

மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாது என்பார்கள். சாரங்கபாணிக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. அரை மணி போவதற்குள் கிழக்கே ஆற்றுக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தது. குந்தவை எழுந்துவிட்டாள். நெல் நனைந்தால் நாளைக்கு ஈரம் பார்க்கிற மிஷின் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிடும். மறுபடி காயவைத்தால் முளை கட்டும், நிறம் போகும். அவள் நெல்லாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். டைலர் தோளில் தூக்கி வந்த மூட்டை அதற்குள் இருக்கிறது.

“கூட்டு, கூட்டு” என்றாள். பாத்திமா புர்காவை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். கவிப்ரியா பலகையைப் பிடித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் நெல்லைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தார்கள். தமிழரசனோ, நாளைக்கு எடை போடும்போது வந்து பாருங்கள் என்று நிழலகத்துக்காரர்களை அழைக்கத் தஞ்சாவூர் போயிருந்தான். பாத்திமா ஒரு கையால் நெல் தள்ளிக்கொண்டே புருஷனுக்குப் போன் போட்டாள்.

“எல்லாத் தார்ப்பாயும் கல்யாணத்துக்குப் போயிருக்காம். எங்கயாச்சும் புடிச்சிக்கிட்டு வரேங்கிறாரு” என்றாள். “அந்த மனுசன் புடிச்சிக்கிட்டு வர்றதுக்குள்ள மழை நின்னுடும்.”

குவித்து முடித்தபோது முதல் துளி விழுந்தது. இருந்த தார்ப்பாயை இழுத்துப் போர்த்தினார்கள். பாதிதான் மூடியது. இந்தப் பக்கம் இழுத்தால் அந்தப் பக்கம் திறந்தது, அந்தப் பக்கம் இழுத்தால் இந்தப் பக்கம். குந்தவை தன் முந்தானையை விரித்து நெல்மேல் போட்டாள். ஒரு ஆள் முந்தானை எத்தனை மூட்டையை மூடும்? அவளுக்கே அது தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்க மனசு வரவில்லை.

அப்போது பின்னால் கல் உருளும் சத்தம் கேட்டது.

சாரங்கபாணி தம் குவியலின் மேலிருந்து கற்களைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். தார்ப்பாயை ஒரு முனையில் பிடித்து ஒரே உதறாக உதறி இழுத்தார். இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, திறந்து கிடந்த பாதியின்மேல் வீசினார். அவர் நெல் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

“கவிப்ரியா, அந்த முனையைப் புடி” என்றார். மற்ற இரண்டு பெண்களும் அங்கே இல்லாத மாதிரியே பேசினார்.

“பெரியப்பா, உங்க நெல்லு நனையுது.”

“தெரியுது. முனையைப் புடி.”

மழை கொட்ட ஆரம்பித்தது. குந்தவை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷமாக முகம் பார்க்காத மனுஷர், மழையில் குனிந்து அவளுடைய குவியலுக்குக் கல் வைத்துக்கொண்டிருக்கிறார். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பதைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். நன்றி என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. ஆனால் எந்த வாயால் சொல்வது? அந்த நன்றியைத்தான் லாரி அகலத்துக்கு அடித்து, இவர் பெயரை மட்டும் விட்டு, வாசலில் கட்டியிருக்கிறாளே.

வாசல் நினைவுக்கு வந்ததும் ஓடினாள்.

கருக்கரிவாளால் கயிற்றை அறுத்தாள். பாத்திமாவும் பின்னாலேயே ஓடிவந்தாள். ஃபிளெக்ஸ் மடங்கி விழுந்து இரண்டு பேரையும் மூடியது. உள்ளேயிருந்து பாத்திமா, “என் வீட்டுக்காரர் மூஞ்சி என் மூஞ்சிமேல இருக்கு, எடு” என்றாள். அந்த நேரத்திலும் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. இரண்டு பேரும் அதைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து, சாரங்கபாணியின் குவியல்மேல் விரித்தார்கள்.

விரித்த பிறகுதான் பார்த்தாள். காற்றுக்குக் கிழியாமல் இருக்க, ஃபிளெக்ஸில் அங்கங்கே பிறை வடிவத்தில் கீறிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு கீறல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கியது. குந்தவை ஒரு கீறலைக் கையால் பொத்தினாள். பாத்திமா இன்னொன்றை. சாவித்திரி எங்கிருந்தோ சாக்குகளை எடுத்துக்கொண்டு வந்து ஒற்றைக் கையால் விரித்தாள். சாரங்கபாணி வந்து பார்த்தார். எழுத்துகளின்மேலேயே குப்புறப் படுத்து, இரண்டு கையையும் விரித்துக் கீறல்களை அடைத்துக்கொண்டார்.

தமிழரசன் பைக்கில் நனைந்தபடி வந்து சேர்ந்தபோது கண்டது இந்தக் காட்சியைத்தான். தன் குவியல் இரண்டு தார்ப்பாய்களுக்கு அடியில் காய்ந்து கிடக்கிறது. அண்ணன் நன்றி என்ற எழுத்தின்மேல் நனைந்து கிடக்கிறார். அவன் பைக்கை ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அப்படியே சாய விட்டுவிட்டு ஓடிவந்து அண்ணனுக்குப் பக்கத்தில் படுத்தான்.

மாசி மழைக்கு ஆயுசு கம்மி. வந்த மாதிரியே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் வெயிலே அடித்தது. நிழலகத்து நெல்லைக் கிளறிப் பார்த்தார்கள். ஓரத்தில் ஒரு கூடை அளவுக்கு ஈரம், மற்றது பழுதில்லை. சாரங்கபாணியின் நெல்லில் மேல் பாதி கையில் ஒட்டியது.

அப்துல் ரஹ்மான் அப்போதுதான் லோடு ஆட்டோவில் ஒரு தார்ப்பாயோடு வந்து இறங்கினார். கல்யாண வீட்டில் சமையல் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டாராம். பாத்திமா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அதைக் கவனிக்காத மாதிரி நேராக நெல்லுக்குப் போனார்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஈர நெல்லை வாரி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றாகப் படுத்துக் குவியலைக் காத்த மனுஷர்கள், எழுந்ததும் பழையபடி ஆகிவிட்டார்கள்.

“பாய், மண்வெட்டி வேணுமான்னு அவங்களைக் கேளுங்க” என்று அப்துல் ரஹ்மானிடம் சொன்னான் தமிழரசன். அண்ணன் ஆறடி தூரத்தில்தான் நின்றார்.

“பாய், வேணாம்னு சொல்லுங்க. மண்வெட்டி போட்டா நெல்லு நசுங்கும்னும் சொல்லுங்க.”

“பாய், எதுக்கு அவங்க தார்ப்பாயை எடுத்தாங்க? அவங்க நெல்லு போச்சே.”

சாரங்கபாணி நெல்லிலிருந்து நிமிரவில்லை. “பாய், என் நெல்லு நனைஞ்சா எனக்கு ஒருத்தனுக்குத்தான் நட்டம். அது ஊரு நெல்லு. எவன் எவனோ இல்லாத குறையில குடுத்தது. அது நனைஞ்சா நாளைக்கு நான் எப்படி அந்த டைலர் கடையில சட்டை தைக்கக் குடுப்பேன்? கேட்டுச் சொல்லுங்க.”

அப்துல் ரஹ்மான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அண்ணே, எனக்குத் தொண்டை வத்திப்போச்சு. நான் டீ குடிக்கப் போறேன். மிச்சத்தை நீங்களே பேசிக்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். நெல்லைப் பரப்பினார்கள். வேறு வழியில்லாததால் இன்னும் நெருங்கி நின்று பரப்பினார்கள்.

குந்தவை இதைப் பார்த்துக்கொண்டே புடவையைப் பிழிந்துகொண்டிருந்தபோது, எடை போடும் கொட்டகையிலிருந்து சாவித்திரி கையைக் காட்டிக் கூப்பிட்டாள். கொட்டகையில் யாரும் இல்லை. காலிச் சாக்குகளின்மேல் சாவித்திரி உட்கார்ந்திருந்தாள். குந்தவை போய் எதிரில் நின்றாள்.

“எல்லா வீட்டுக்கும் வெத்தலை பாக்கு வச்சே. எங்க வீட்டுக்கு வைக்கல” என்றாள் சாவித்திரி.

“நான் வச்சா பெரியத்தான் எடுப்பாங்களான்னு…”

“எடுக்கிறதும் எடுக்காததும் அவர் பாடு. வைக்கிறது உன் பாடு. நெல்லு அறுத்த அன்னைக்கே ஒரு மூட்டையை வாசல்ல தனியா எடுத்து வச்சாரு. எதுக்குன்னு கேட்டேன், சும்மான்னாரு. நீ எங்க வாசலைத் தாண்டிப் போன அன்னைக்கு அந்த மூட்டையை உள்ள தூக்கிப் போட்டுட்டாரு. ராத்திரி சாப்பிடல.”

குந்தவைக்குக் கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது. “தப்புத்தான்க்கா” என்றாள். “ஆனா எனக்கு வந்தப்ப நீங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே. அந்தக் கோபம்.”

“அந்தக் கோபம் நியாயம்தான். நான் வந்திருக்கணும். அவர் வேணாம்னு சொல்லல, நானாத்தான் வரல. எனக்கு உன்னப் பாக்கப் பயமா இருந்தது.” சாவித்திரி தரையைப் பார்த்தாள். “அத விடு. இப்ப வேற ஒண்ணு கேக்கணும். காலையிலயே கேக்கலாம்னு பாத்தேன், நீ திரும்பிக்கிட்டே.”

“கேளுங்க.”

“உனக்கு முதல்ல எப்படித் தெரிஞ்சது?”

“எது அக்கா?”

சாவித்திரி தன் இடது பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். இடது கையை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருந்தாள். காலையிலிருந்து அப்படியேதான் இருக்கிறாள். பலகை தள்ளும்போதும், சாக்கு விரிக்கும்போதும். ராணி மாதிரி என்று நினைத்தோமே என்று குந்தவைக்கு உறைத்தது. சட்டென்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாவித்திரி அவள் கையைப் பிடித்து, முந்தானைக்கு அடியில் தன் அக்குளுக்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். குந்தவையின் விரலுக்கு அது தெரிந்தது. அந்த மாதிரி ஒன்றை அவள் விரல் மறக்குமா?

“வலிக்குதா?”

“கட்டி வலிக்கல. அதான் பயமா இருக்கு. கையைத் தூக்கினாத்தான் இழுக்குது.”

“எப்பலேருந்து?”

“தீவாளிக்கு முந்தியிலேருந்து.”

“பெரியத்தானுக்குத் தெரியுமா?”

“தெரியாது. நடவு முடியட்டும்னு இருந்தேன். அப்புறம் அறுப்பு முடியட்டும்னு. நாளைக்கு நெல்லு போட்டு ரூபா கைக்கு வந்ததும் சொல்லலாம்னு நினைச்சேன்.” சாவித்திரி வெளியே பரப்பிக் கிடந்த ஈர நெல்லைப் பார்த்தாள். “இன்னிக்கு அதுவும் நனைஞ்சுபோச்சு. அவர் செஞ்சது சரிதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இப்ப அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அந்த… அந்த வியாதியாத்தான் இருக்குமா குந்தவை?”

“எனக்கு எப்படித் தெரியும்? கட்டி எல்லாம் கேன்சர் இல்லக்கா. டாக்டர் பாத்துத்தான் சொல்லணும்.”

கேன்சர் என்று எப்போதும் போல முழுசாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை தன் வாயிலிருந்து வந்தது முதல் தடவையாக அவளுக்கே பிடிக்கவில்லை. சாவித்திரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஈரப் புடவையோடு இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

என்ன ஆறுதல் சொல்வது என்று குந்தவை யோசித்தாள். ஆறுதல் சொன்னவர்கள் அவளுக்கும் நிறையப் பேர் இருந்தார்கள், ஒருவர் சொன்னதும் இன்றைக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது பாத்திமா கொண்டுவந்த டிபன் பாக்ஸும், முதல் பஸ்ஸில் அவள் விட்டுக்கொடுத்த ஜன்னலோர ஸீட்டும்தான். கொட்டகைக்கு வெளியே பாத்திமா ஃபிளெக்ஸைத் துடைத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு முதல் பஸ்” என்றாள் குந்தவை. “நானும் வரேன்.”

“நாளைக்கு உனக்கு நெல்லு எடை போடணுமே. அவ்வளவு பேர் குடுத்தது.”

“அதுக்கு ஆள் இருக்கு. குடுத்தவங்க எல்லாரும் வருவாங்க. உங்களுக்கு நான்தான்.”

சாவித்திரி அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். குந்தவை அவள் முதுகில் கையை வைத்தாள். நன்றி சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் மழை நேரத்திலிருந்து மனசில் கிடந்த பாரம், அந்தக் கை வழியாக இறங்கின மாதிரி அவளுக்கு இருந்தது.

வெளியே நெல்லில் நடக்கும் சத்தம் கேட்டது. சாரங்கபாணி கொட்டகைப் பக்கம் வந்துகொண்டிருந்தார். சாவித்திரி அவசரமாகக் கண்ணைத் துடைத்து, ‘சொல்லாதே’ என்று கையை ஆட்டினாள்.

காலடிகள் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்றன. இடையில் கவிப்ரியா இல்லை, பாயும் டீக்கடையிலிருந்து திரும்பவில்லை. வார்த்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க யாருமே இல்லை. மனுஷர் தொண்டையைக் கனைத்தார்.

“குந்தவை” என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் அந்தப் பெயர். “உங்க அக்காவை எங்கயும் காணோம். ஈரத்தோட எங்க போனா, பாத்தியா?”

சாவித்திரியின் விரல்கள் குந்தவையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தன.

“இங்கதான் இருக்காங்க பெரியத்தான்” என்றாள் குந்தவை. “என்கூடத்தான் இருக்காங்க.”